பரீட்சையில் சித்தியடையாத ஆசிரியர்: கிரெகர் மெண்டலும் ஒடுக்கற்பிரிவும்



ஒடுக்கற்பிரிவின் அவத்தைகளை நீங்கள் எத்தனை தடவை வரைந்து பார்த்திருப்பீர்கள்? முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முக அவத்தை, ஈற்றவத்தை என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர்கள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். ஆனால் இது எதற்காக நடைபெறுகிறது என்று கேட்டால் முகத்தை முகம் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. நான் கலைப்பட்டதாரி. உங்கள் வயதில் நானும் அதை மனனஞ் செய்துதான் எழுதினேன், எழுதிய மறுவாரமே மறந்தும் போனேன். ஒரு மனிதருடைய வாழ்க்கை வரலாற்றை வாசித்த பின்னர்தான் அந்தப் படங்கள் எனக்குப் பேசத் தொடங்கின.

அந்த மனிதர் ஒடுக்கற்பிரிவைக் கண்ணால் கண்டவர் அல்லர். அவர் வாழ்ந்த காலத்தில் அதற்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை. ஆனாலும் அதன் விளைவை விதை விதையாக எண்ணிக் கணக்கு வைத்தவர் அவரே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியராவதற்கான பரீட்சைக்கு இரண்டு தடவை போயும் சான்றிதழ் பெறாமலே திரும்பியவர் அவர். பிறப்புரிமையியலின் தந்தை என உங்கள் பாடநூல் குறிப்பிடும் கிரெகர் மெண்டல்தான் அவர்.

சீதனப் பணத்தில் படித்தவர்

மெண்டல் 1822ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவுஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த சிலேசியாவில் ஹைன்சென்டோர்ப் என்ற சிறிய கிராமத்தில் பிறந்தார். அக்கிராமம் இன்று செக் குடியரசில் இருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் யோகான். தந்தை அன்ரன் ஒரு கமக்காரர். சொந்தமாக நிலம் இருந்தபோதிலும் கிழமையில் மூன்று நாள் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. எஞ்சிய நேரத்தில் பழமரங்களுக்கு ஒட்டுக்கட்டுவதும் தேனீ வளர்ப்பதும் அவருக்குப் பிடித்த வேலைகள். மகன் செடிகளோடு பழகியது அங்கேதான்.

கிராமத்து ஆசிரியர் பையனின் கெட்டித்தனத்தைக் கண்டு மேற்படிப்புக்கு அனுப்பும்படி சொன்னார். தொலைவிலுள்ள பட்டணத்தில் தங்கிப் படிக்க அனுப்பினார்கள். ஆனால் பிள்ளையின் உணவுக்கு அரைப்பங்குக் கட்டணமே பெற்றோரால் செலுத்த முடிந்தது. 1838இல் தந்தை மரம் ஏற்றும் வேலையில் விபத்துக்குள்ளாகிக் கடுமையாகக் காயமடைந்தார். அதன்பின் வீட்டிலிருந்து எதையும் எதிர்பார்க்க முடியவில்லை. பதினாறு வயதுப் பையன் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துச் சாப்பாட்டுக்கு வழி தேடினான். (ரியூசன் வகுப்புத்தான்! இதை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.)

ஒல்முட்ஸ் நகரில் உயர்கல்வி தொடங்கியபோது நிலைமை மேலும் மோசமானது. வேலை கிடைக்கவில்லை. நோய்வாய்ப்பட்டு ஏறக்குறைய ஒரு வருடம் வீட்டில் கிடந்தார். அப்போது தங்கை திரேசியா தனக்கெனக் குடும்பத்தில் ஒதுக்கிய சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்குக் கொடுத்தாள். சீதனம் என்றால் என்ன, அதை விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மெண்டல் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் திரேசியாவின் மூன்று ஆண்பிள்ளைகளையும் படிக்க வைத்தார், அவர்களில் இருவர் வைத்தியர்களானார்கள்.

1843இல் புர்னோ நகரிலிருந்த புனித தோமையார் மடத்தில் சேர்ந்தார். அங்கே கிடைத்த பெயரே கிரெகர். அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த அந்த மடம் வெறும் செபக்கூடமாக இருக்கவில்லை. நூலகமும் தோட்டமும் அறிவியலில் ஈடுபாடுள்ள துறவிகளும் அங்கே இருந்தார்கள். மடாதிபதி நாப் என்பவர் செம்மறியாடு, பழமரம் ஆகியவற்றின் விருத்தியில் அக்கறை கொண்டவர். சாப்பாட்டுக் கவலை தீர்ந்த பின்னரே மெண்டலுக்குச் சிந்திக்க நேரம் கிடைத்தது என்றே நான் எண்ணுகிறேன்.

வியன்னாவில் ஒரு பரீட்சை

1847இல் குருவானார். ஆனால் நோயாளிகளையும் மரணத் தறுவாயில் இருப்பவர்களையும் போய்ப் பார்க்கும் பணி அவருக்கு ஒத்துவரவில்லை. அவரே நோயாளியாகிவிடுவார். எனவே மடாதிபதி 1849இல் அவரை ஸ்னைம் என்ற ஊரிலுள்ள பாடசாலைக்குப் பதில் ஆசிரியராக அனுப்பினார். நன்றாகக் கற்பித்தார். நிரந்தர ஆசிரியராவதற்கு ஒரு பரீட்சையில் சித்தியடைய வேண்டும். 1850இல் அப்பரீட்சைக்குத் தோற்றினார்.

பௌதிகவியல் விடைகள் பரீட்சகர்களைத் திருப்திப்படுத்தின. புவிச்சரிதவியலிலும் விலங்குகளைப் பாகுபடுத்தும் வினாவிலும் விழுந்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் முறையாகப் படிக்காமல் தானாக வாசித்துவிட்டு வந்தவர் அவர். பரீட்சகர்களில் ஒருவரே இவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்படி மடாதிபதிக்கு ஆலோசனை கூறினார். அதனால் 1851 முதல் 1853 வரை வியன்னாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒலி பற்றிய பாடத்தில் பின்னர் நீங்கள் சந்திக்கக்கூடிய டொப்ளர் அவருக்குப் பௌதிகவியல் கற்பித்தார். தாவரங்கள் கலங்களாலானவை என்ற புதிய கொள்கையை உங்கர் கற்பித்தார். சேர்மானக் கணிதமும் அங்கேதான் கற்றார். தாவரம், கலம், கணிதம் என்ற மூன்றும் ஒரே தலைக்குள் சேர்ந்தது அந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

1856இல் மறுபடியும் பரீட்சைக்குப் போனார். அதையும் முடிக்காமல் உடல்நலங் குன்றித் திரும்பினார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. புர்னோவின் பாடசாலையொன்றில் 1854 முதல் 1868 வரை பதினான்கு ஆண்டுகளும் பதில் ஆசிரியராகவே கற்பித்தார்.

மடத்துத் தோட்டம்

அதே 1856இல்தான் பட்டாணிக் கலப்புகளைத் தொடங்கினார். தோட்டத்தின் நீளம் ஏறத்தாழ 35 மீற்றர், அகலம் 7 மீற்றர். நம்மூர் வீட்டு வளவு ஒன்றைவிடச் சிறியது.

உடனே கலப்புச் செய்யத் தொடங்கினார் என்று எழுதாதீர்கள். முதலில் 34 வகைப் பட்டாணி விதைகளை வாங்கி இரண்டு வருடம் வளர்த்து, சந்ததி மாறாமல் வருகின்றனவா எனச் சோதித்து, அவற்றில் 22 வகைகளையே வைத்துக்கொண்டார். பட்டாணியைத் தெரிந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அதன் பூவில் கேசரமும் சூலகமும் இதழ்களுக்குள் மூடப்பட்டிருப்பதால் இயல்பாகத் தன்மகரந்தச்சேர்க்கை நடைபெறும். கலப்புச் செய்ய விரும்பினால், மொட்டை முதிருமுன் திறந்து மகரந்தக்கூடுகளை நீக்கிவிட்டு வேறொரு செடியின் மகரந்தமணியை வைத்துப் பையால் மூடிவிடலாம். விதையின் வடிவம், வித்திலையின் நிறம், பூவின் நிறம், காயின் வடிவம், காயின் நிறம், பூ அமையும் இடம், தண்டின் நீளம் ஆகிய ஏழு இயல்புகளை மட்டும் கவனித்தார். மற்றவற்றைத் தொடவில்லை.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தால் கிடைத்த விதைகள் எல்லாம் உருண்டை. அவற்றை முளைக்க வைத்துத் தன்மகரந்தச்சேர்க்கைக்கு விட்டார். 253 செடிகளில் 7324 விதைகள் கிடைத்தன. 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. மஞ்சள், பச்சை வித்திலைகளில் 6022க்கு 2001. வகுத்துப் பாருங்கள், இரண்டு விடைகளும் 3க்கு மிக அண்மையில் நிற்கும். இங்கே மாணவர்கள் வழக்கமாகத் தவறுவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரு செடியின் காய்க்குள் இருக்கும் விதை அந்தச் செடியின் சந்ததியல்ல, அடுத்த சந்ததி. ஆகவே முதலாம் மகட்சந்ததிச் செடியில் காய்த்த விதைகளை எண்ணும்போது இரண்டாம் மகட்சந்ததியைத்தான் எண்ணுகிறீர்கள்.

மெண்டல் இதோடு நிற்கவில்லை. உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மாத்திரம் தந்தன, 372 செடிகள் இரண்டையும் கலந்து தந்தன. பார்வைக்கு ஒரேமாதிரியான உருண்டை விதைகளில் மூன்றில் இரண்டு பங்கு, சுருக்கத்தைத் தமக்குள் மறைத்து வைத்திருந்தன என்பது இதன் பொருள். 1863 வரை எட்டு வளர்பருவங்கள், ஏறத்தாழ 28,000 செடிகள், பாடசாலை வேலை முடிந்த நேரத்தில் எண்ணி எழுதப்பட்டன. அவருடைய எண்ணிக்கைகள் எதிர்பார்க்கப்படும் விகிதத்துக்கு அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கின்றன என 1936இல் புள்ளிவிபரவியலாளர் பிஷர் கேள்வி எழுப்பினார். அந்த விவாதம் நீண்ட காலம் நடந்தது. ஆனால் விகிதங்கள் பிழையெனப் பின்னர் செய்த எவரும் காணவில்லை.

மெண்டல் எடுத்த முடிவு இதுதான். ஒவ்வோர் இயல்புக்கும் செடியில் இரண்டு காரணிகள் உள்ளன. மகரந்தக்கலமோ முட்டைக்கலமோ உருவாகும்போது அவை பிரிந்து, ஒரு புணரிக்கு ஒன்றே போகிறது. கலப்புச் செடியில் இருவகைப் புணரிகளும் சமமாக உருவாகின்றன. சரியா என்று பார்க்க ஒரு சோதனையும் செய்தார். உருண்டை, மஞ்சள் ஆகிய இரண்டையும் கலப்பாகக் கொண்ட செடியை, சுருங்கிய பச்சை விதைச் செடியோடு கலந்தார். பின்னையது பின்னிடைவான காரணிகளை மட்டுமே தருமாதலால், கலப்புச் செடியின் புணரியில் இருந்தது எதுவோ அது விதையில் அப்படியே தெரியும். கிடைத்த 208 விதைகளில் உருண்டை மஞ்சள் 55, உருண்டை பச்சை 51, சுருங்கிய மஞ்சள் 49, சுருங்கிய பச்சை 53. நான்கும் ஏறக்குறையச் சமம்.

மொட்டுக்குள் நடந்தது

இப்போது மெண்டல் காணாத இடத்துக்குள் நாம் போவோம். உங்கள் படங்களை எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாணிக் கலமொன்றில் 14 நிறமூர்த்தங்கள், அதாவது அமைப்பொத்த 7 சோடிகள் உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்தது. இளம் மகரந்தக்கூட்டுக்குள் இருக்கும் மகரந்தத் தாய்க்கலம் பிரியத் தொடங்குமுன் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன்னை இரட்டித்துக்கொள்கிறது. அவ்விரு பகுதிகளும் மையப்பாத்தில் ஒட்டியிருக்கும் அரைநிறவுருக்கள்.

முன்னவத்தை 1இல் நிறமூர்த்தங்கள் குறுகித் தடிக்கின்றன. அமைப்பொத்தவை ஒன்றையொன்று தேடிச் சோடி சேர்கின்றன. இழையுருப்பிரிவில் இப்படி நடப்பதில்லை, இதை அடிக்கோடிட்டு வையுங்கள். சோடி சேர்ந்த நிலையில் துண்டுகளையும் மாற்றிக்கொள்கின்றன, அதுவே குறுக்குப் பரிமாற்றம். கருமென்சவ்வு மறைகிறது. அனுவவத்தை 1இல் 7 சோடிகளும் கலத்தின் மத்தியகோட்டுத் தளத்தில் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு சோடியிலும் எது எந்த முனைவைப் பார்த்து நிற்கும் என்பது நாணயம் சுண்டுவது போன்றது. ஒரு சோடி நிற்கும் விதத்துக்கும் பக்கத்துச் சோடி நிற்கும் விதத்துக்கும் தொடர்பில்லை. விதையின் வடிவத்துக்கான பரம்பரையலகும் வித்திலை நிறத்துக்கான பரம்பரையலகும் வெவ்வேறு சோடிகளில் உள்ளன. மெண்டலின் 55, 51, 49, 53 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிகிறதா?

மேன்முக அவத்தை 1இல் மையப்பாத்து பிளப்பதில்லை. சோடியின் ஒரு நிறமூர்த்தம் முழுதாக ஒரு முனைவுக்கும் மற்றது எதிர் முனைவுக்கும் இழுக்கப்படுகின்றன. எண்ணிக்கை பாதியாவது இங்கேதான். ஒடுக்குதல் என்ற சொல்லுக்குக் குறைத்தல் என்று பொருள் இருப்பதை நினைவில் வைத்திருந்தால் பாதி விடை கையில் இருக்கும். ஈற்றவத்தை 1இன் முடிவில் 7 நிறமூர்த்தங்கள் வீதம் இரண்டு தொகுதிகள்.

இரண்டாம் பிரிவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது இழையுருப்பிரிவைப் போன்றதே. மேன்முக அவத்தை 2இல் மையப்பாத்து பிளந்து அரைநிறவுருக்கள் பிரிகின்றன. முடிவில் ஒருமடியக் கலங்கள் நான்கு. கலப்புச் செடியாயின் அவற்றில் இரண்டில் உருண்டைக்கான எதிருரு, மற்ற இரண்டில் சுருக்கத்துக்கான எதிருரு. நான்கும் மகரந்தமணிகளாகும். சூல்வித்துக்குள்ளும் இதே பிரிவு நடைபெறும், ஆனால் அங்கே நான்கில் மூன்று அழிந்து ஒன்றிலிருந்தே முட்டைக்கலம் தோன்றும். எந்த மகரந்தமணி எந்த முட்டையோடு சேரும் என்பதும் தற்செயலே. உருண்டையோடு உருண்டை ஒரு பங்கு, உருண்டையும் சுருக்கமும் இரண்டு பங்கு, சுருக்கத்தோடு சுருக்கம் ஒரு பங்கு. பார்வைக்கு 3க்கு 1. அந்த இரண்டு பங்குக்காரர்களே 372 செடிகள்.

மியூனிக்கிலிருந்து வந்த பதில்

1865 பெப்ரவரி 8ஆம் திகதியும் மார்ச் 8ஆம் திகதியும் புர்னோ இயற்கை விஞ்ஞானச் சங்கத்தில் மெண்டல் தமது ஆய்வை வாசித்தார். 1866இல் அது சங்கத்தின் ஏட்டில் அச்சானது. தனிப்பிரதிகள் 40 பெற்றுக்கொண்டார். அவற்றில் ஒன்றை மியூனிக் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தாவரவியலாளர் நேகெலிக்கு அனுப்பினார். நேகெலி பதில் எழுதினார். ஆனால் நம்பவில்லை. தாம் ஆராயும் ஹைரேசியம் என்ற செடியில் முயலும்படி ஊக்கினார். சூரியகாந்திக் குடும்பத்துச் செடி அது. பூக்கள் மிகச் சிறியவை.

மெண்டல் முயன்றார். கண்ணாடி வில்லையின் கீழ் அந்தச் சிறு பூக்களைத் திறந்து மகரந்தக்கூடுகளை நீக்கும் வேலையில் கண்களே கெட்டுவிடும் நிலைக்கு வந்தன. பலன்? பட்டாணிக்கு நேர்மாறு. கலப்பின் முதற் சந்ததியே பலவிதமாக வந்தது. பின்னர் அவற்றின் பிள்ளைகள் எதுவும் பிரியாமல் தாயைப்போலவே வந்தன. மூன்றுக்கு ஒன்று எங்குமே இல்லை. 1869இல் அதையும் மறைக்காமல் அதே சங்கத்தில் வாசித்தார். தம் விதிக்கு எதிரான பெறுபேற்றைத் தாமே எழுந்து நின்று சொன்ன அந்த நாளைத்தான், பட்டாணிக் கணக்கைவிட, நான் அதிகம் மதிக்கிறேன்.

1868இல் அவரை மடாதிபதியாகத் தெரிவு செய்திருந்தார்கள். பிறகு ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கவில்லை. 1874இல் மடங்களின் மீது அரசு விதித்த வரியை அநீதியெனக் கூறிக் கட்ட மறுத்தார், சாகும்வரை அந்த வழக்காடலே வாழ்க்கையானது. வானிலைக் குறிப்புகளையும் தேனீக்களையும் மட்டும் விடவில்லை. சிறுநீரக நோயினால் 1884 சனவரி 6ஆம் திகதி காலமானார். ஊர் திரண்டு வந்தது. ஒரு மடாதிபதியை அடக்கஞ் செய்தார்கள். விஞ்ஞானி ஒருவரை அடக்கஞ் செய்கிறோமென்று அங்கே நின்றவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பின்னர் தெரிந்தவை

அவர் இறப்பதற்கு முந்திய வருடம், 1883இல், பெல்ஜியத்தின் வான் பெனடென் குதிரையின் குடலில் வாழும் வட்டப்புழுவின் முட்டையை ஆராய்ந்து, விந்தும் முட்டையும் நிறமூர்த்தங்களைச் சம எண்ணிக்கையில் நுகத்துக்குக் கொண்டுவருவதைக் கண்டார். புணரிகள் உருவாகும்போது எண்ணிக்கை பாதியாக வேண்டும் என 1887இல் யேர்மனியின் வைஸ்மன் வாதிட்டார். 1900இல் டி விரிஸ், கொரென்ஸ், செர்மாக் என்ற மூவர் மெண்டலின் கட்டுரையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு வருடங்களின் பின் அமெரிக்காவில் சட்டன் என்ற இருபத்தைந்து வயது மாணவர் வெட்டுக்கிளியின் விந்துக்கலங்கள் உருவாகும் விதத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, நிறமூர்த்தங்கள் சோடி சேர்ந்து பிரிவதும் மெண்டலின் காரணிகள் பிரிவதும் ஒன்றே எனக் கண்டார். யேர்மனியில் போவெரியும் அதே முடிவுக்கு வந்தார். உங்களை வரையச் சொல்கிற அந்தப் பிரிவுக்கு இன்று வழங்கும் கிரேக்கப் பெயர் கிடைத்தது 1905இல்.

ஹைரேசியத்தின் மர்மமும் 1903 அளவில் வெளியானது. டென்மார்க்கின் ஒஸ்ரென்பெல்ட், ரோங்கியர் ஆகிய இரு தாவரவியலாளர்கள் அதன் பூக்களின் மேற்பாதியைச் சீவி எறிந்தார்கள். மகரந்தக்கூடும் போயிற்று, சூலகமுடியும் போயிற்று. இருந்தும் விதை உண்டானது. அச்செடிகளில் பெரும்பாலானவை ஒடுக்கற்பிரிவைத் தவிர்த்துவிட்டுத் தாயின் நிறமூர்த்தங்கள் முழுவதையும் கொண்ட கலத்திலிருந்தே கருக்கட்டலின்றி முளையத்தை உண்டாக்குகின்றன. சோடி சேரவில்லை, பிரியவில்லை, ஆகவே விகிதமும் இல்லை. கண் கெடும்வரை மெண்டல் தேடிய எண்கள் அந்தச் செடியில் இருக்கவே இல்லை. அதில் முயலும்படி ஊக்கிய நேகெலியும் இதை அறியவில்லை. 1884இல், மெண்டல் இறந்த அதே ஆண்டில், பரம்பரை பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்ட அவர் அதில் மெண்டலின் பெயரைக் குறிப்பிடவில்லை. 1891இல் அவரும் இறந்துபோனார்.